ஏரியின் காலியிடம்

பெங்களூர் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலின் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சில்க் போர்டு சிக்னலில் தினமும் அரை மணி நேரம் நின்று நொந்துபோகும் நம்மில் பலருக்கு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 700 ஆண்டுக்கு மேல் பழமையான தமிழ் எழுத்து இருப்பது தெரியாது. அவற்றில் மிகப் பழையது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர் கோயிலுக்கு நிலம் விடுகிறார். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே. வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் இருக்கிறது என்று அடையாளம் காட்டுகிறது கல்வெட்டு. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டு ஒன்றும் விண்ணமங்கலம் ஏரி சார்ந்த கொடையைச் சாமிக்கு எழுதிவைத்த கதையைச் சொல்கிறது. விண்ணமங்கலம்தான் இந்திராநகரை ஒட்டிய இன்றைய பின்னமங்களா.

"ஏரிக்குக் கீழ்" என்பதற்கு வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த பெங்களூர்த் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்து நிலத்துக்கு விலாசம் சொல்லும் முறை அது. இன்று நம் விலாசத்தில் கிராஸ் இருக்கிறது, மெயின் இருக்கிறது, பின்கோடு இருக்கிறது. எந்த ஏரிக்குக் கீழே வீடு கட்டியிருக்கிறோம் என்பது மட்டும் இல்லை. மழைக்கு அது மறக்கவில்லை.

பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சில் "இயற்கை சார்ந்த தீர்வுகள்" என்ற சொற்றொடர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் இதற்கு ஒரு வரையறை வகுத்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில் தன் பங்குக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. சாரத்தைச் சொன்னால் இவ்வளவுதான்: காடு, சதுப்பு, ஏரி, வயல், கடற்கரை போன்றவற்றைக் காத்தும் மீட்டும் சரியாகப் பராமரித்தும் மனிதர்களின் சிக்கல் ஒன்றைத் தீர்க்க வேண்டும், அதே வேலையில் மற்ற உயிர்களுக்கும் நன்மை கிடைக்க வேண்டும். வெறுமனே பச்சையாக இருந்தால் போதாது. எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, யாருக்குத் தீர்க்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்.

இந்தத் தீர்வுகள் இரண்டு வேலை செய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயுவை மரத்திலும் மண்ணிலும் இழுத்து வைப்பது. வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்த 2030 வரை உலகம் செய்ய வேண்டிய உமிழ்வுக் குறைப்பில், கட்டுப்படியாகும் செலவில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயற்கையால் தர முடியும் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 37 விழுக்காடு என்ற அந்த எண் இன்று எல்லா மேடைகளிலும் முழங்குகிறது. ஆனால் அது உலகத்தின் காடுகளையும் விளைநிலங்களையும் சதுப்புகளையும் மொத்தமாகச் சேர்த்துப் போட்ட கணக்கு. எஞ்சிய பெரும்பங்கு பெட்ரோலையும் நிலக்கரியையும் குறைப்பதால்தான் வர வேண்டும் என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மாநகரத்தின் பூங்காக்கள் அந்த மாநகரத்தின் வண்டிப் புகையை ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது வேலை, வந்துவிட்ட மாற்றத்தின் அடியைத் தாங்கிக்கொள்வது. வெள்ளம், வறட்சி, வெக்கை. நகரத்துக்கு உயிர்நாடி இந்த இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. பெங்களூரில் இது எப்படி நடக்கும் என்று பார்க்க, முதலில் ஊரின் மேடுபள்ளத்தைப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி ஆறு எதுவும் ஊருக்குள் பாயவில்லை. முதுகில் விழும் மழை ஹெப்பாள், கோரமங்களா-செல்லகட்டா, விருஷபாவதி என மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக வடியும். முதல் இரண்டும் தென்பெண்ணைக்குப் போகின்றன. மூன்றாவது அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. ஆறில்லாத ஊரில் வாழ வேண்டுமானால் ஓடுகிற மழையை நிறுத்தி வைக்க வேண்டும். அதனால்தான் பள்ளத்தாக்கு நெடுக, படிக்கட்டுபோல, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஏரிகளை வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் வழிவது கீழ் ஏரிக்கு. இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். நிரம்பிய ஏரி வழியும் இடத்தை நாம் கோடி என்பதுபோலக் கன்னடர்களும் கோடி என்கிறார்கள், தண்ணீர் திறந்துவிடும் நம் தூம்பு அங்கே தூபு, கால்வாய் காலுவே, ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர் நமக்கு நீர்க்கட்டி, அவர்களுக்கு நீர்கண்டி. காவிரி விஷயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஏரி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

இந்த அமைப்பின் சூட்சுமம் ஏரியில் இருக்கும் தண்ணீரைவிட ஏரியில் இருக்கும் காலியிடத்தில் இருக்கிறது. சின்னக் கணக்கு ஒன்று. ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 1000 ஏக்கர் குடியிருப்பில் அதே மழை பெய்தால் 40 கோடி லிட்டர். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையுமாக இருந்தால் அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிகாலுக்கு வந்துவிடும். எந்த வடிகாலும் அதற்குத் தாங்காது. ஆனால் வழியில் 100 ஏக்கர் ஏரி ஒன்று இருந்து, அதன் மட்டம் ஒரு மீட்டர் உயர இடமிருந்தால், அந்த ஒரு மீட்டர் பிடித்துவைப்பதும் அதே 40 கோடி லிட்டர்தான். ஒரு ராத்திரியின் வெள்ளம் சில வாரங்களின் தண்ணீராக மாறிவிடுகிறது. பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம்.

ஒரு மீட்டர் காலியாக இருந்தால் மட்டுமே இதெல்லாம் நடக்கும். கோடைக்கு முன் நீர்கண்டி தூம்பைத் திறந்து பாசனத்துக்கு விட்டுவிடுவார். வைகாசியில் ஏரி ஏறக்குறைய வறண்டு கிடக்கும். ஆட்கள் இறங்கி வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். மழைக்காலம் வரும்போது ஏரி வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். வறண்ட ஏரியைப் பார்த்து இன்று நாம் "செத்துப்போச்சு" என்கிறோம். அன்று அது வேலைக்குத் தயாராக இருந்தது.

ஏரிகள் எப்படிப் போயின என்பதற்கு ரியல் எஸ்டேட் பேராசை என்ற ஒரே பதிலைச் சொல்வது வழக்கம். பேராசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஏரிகளின் வேலை போய்விட்டது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி. 1974இல் காவிரி. குழாயைத் திறந்தால் தண்ணீர் என்றானதும் ஏரி குடிநீருக்குத் தேவையில்லை. வயல்கள் மனைகளானதும் பாசனத்துக்கும் தேவையில்லை. வேலை இல்லாத ஏரி வெறும் காலிமனையாகத்தானே கண்ணுக்குத் தெரியும்? தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. கோரமங்களா ஏரிப் பகுதியில் தேசிய விளையாட்டு கிராமம் எழுந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. அதில் ஒரு சின்னக் குட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், கரகத் திருவிழாவுக்காக. கரகம் எடுப்பவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்டவர்களாகச் சொல்லப்படும் தோட்டக்காரச் சமூகம். ஏரித் தண்ணீரில் காய்கறியும் பூவும் விளைவித்தவர்கள். ஏரி போய்விட்டாலும் சாமிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஒரு துண்டு பிழைத்தது.

1973 தொடங்கி நான்கு பத்தாண்டுகளைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தின் குழு, நகரத்தின் நீர்நிலைப் பரப்பில் 79 விழுக்காடும் பசுமைப் பரப்பில் 88 விழுக்காடும் குறைந்துவிட்டதாகச் சொன்னது.

இதன் விளைவைச் சமீபத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 2022 செப்டம்பர் 4 இரவு தொடங்கிய மழை, ஒரே நாளில் 13 சென்டிமீட்டரைத் தாண்டியது. அவுட்டர் ரிங் ரோடும் எமலூரும் மூழ்கின. கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றி மீட்டார்கள். அந்தப் படங்களைத் தேசம் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. ஈஜிபுராவில் நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறுவதற்கு அவ்வளவு பெரிய மழை தேவையே இல்லை, டிராக்டர்தான் வராது. கீழ்வீட்டில் நான் வாடகைக்கு இருந்த காலத்தில் அரிசிப் பையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி வாசற்படியில் நின்றபடி சொன்னார்: "இங்கெல்லாம் கத்தெ தான் கண்ணு, நெல்லு நட்டிருந்தாங்க. இது தண்ணி போற தாரி. நாமதான் நடுவுல வந்து உக்காந்துட்டோம்." கத்தெ என்றால் கன்னடத்தில் நெல்வயல், தாரி என்றால் வழி. அந்தப் பாட்டியின் தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு.

அடுத்தது 2024. மார்ச் மாதத்தில் தண்ணீர்ப் பஞ்சம். நகரத்துக்கு ஒரு நாளைக்கு 260 கோடி லிட்டர் தேவை, 50 கோடி பற்றாக்குறை என்று அரசே சொன்னது. அரசின் ஆழ்துளைக் கிணறுகள் ஏறக்குறைய 14,000. அவற்றில் சுமார் 6,900 வற்றிவிட்டன. ஏப்ரல் முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. ஏப்ரல் 28 அன்று வெயில் 38.5 டிகிரி. ஊட்டிக்குத் தம்பி என்று நாம் பீற்றிக்கொண்ட ஊரில்! அப்புறம் ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்துக்கு அது 133 ஆண்டுச் சாதனை. ஆண்டு மொத்த மழை பெரிதாக மாறாவிட்டாலும், பெய்கிற நாட்கள் சுருங்கிப் பெய்கிற வேகம் கூடும் என்று பருவநிலை அறிவியல் சொல்வதன் அர்த்தம் இதுதான். கொட்டும்போது பிடித்து வைக்க இடமில்லாத ஊர், மூன்று மாதம் முன்னால் தவித்த அதே தண்ணீரைச் சாக்கடையில் அனுப்பிவிட்டு நிற்கும்.

இனி, மீட்ட ஏரிகளைப் பற்றி. வடக்கே ஜக்கூர் ஏரியைப் போய்ப் பார்க்கலாம். சுமார் 160 ஏக்கர். அதன் தலைமாட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, நாளுக்கு 1 கோடி லிட்டர் கொள்ளளவில் தொடங்கப்பட்டது. இயந்திரம் பாதி வேலையை முடித்துத் தண்ணீரை வெளியே விடும். அது நேராக ஏரிக்குப் போகாமல், சில ஏக்கர் பரப்புள்ள செயற்கைச் சதுப்பு வழியாக மெல்ல ஊர்ந்து போகும். சம்புக்கோரையும் நீர்ச்செடிகளும் அங்கே நெருக்கமாக நிற்கின்றன. வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஏரிக்குள் நுழையும்போது தண்ணீர் பெருமளவு தெளிந்திருக்கும். ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், நாரையும் கூழைக்கடாவும் வருகின்றன, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. மாநகரத்தின் கழிவே ஏரியின் வரத்தாக மாறிய இந்த ஏற்பாடு, இயற்கை சார்ந்த தீர்வு என்ற சொல்லுக்கு நான் அறிந்த நல்ல எடுத்துக்காட்டு.

அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலில் இயந்திரம் ஓட வேண்டும். அடுத்து, சதுப்புச் செடிகளைக் காலாகாலத்தில் அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அறுக்காமல் விட்டால் செடி அங்கேயே மடிந்து அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பித் தந்துவிடும். அதாவது, சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். நீர்கண்டிக்கு ஊர் நெல் அளந்து கொடுத்தது. இன்று ஏரி மீட்புக்கு ஒரு தடவை கோடிகளில் டெண்டர் விடுவது எளிதாக இருக்கிறது. வருடம் முழுக்கக் கோரை அறுக்கிற நாலு பேருக்கு மாதச் சம்பளம் போடுவதுதான் எந்தக் கணக்கிலும் அடங்காமல் போகிறது.

இயற்கைக்கும் ஜீரண சக்தி என்று ஒரு அளவு உண்டு. அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்லந்தூர் சாட்சி. சுமார் 900 ஏக்கர் ஏரி. நகரத்துச் சாக்கடையில் கணிசமான பங்கு அதில் இறங்கியது. சோப்புத்தூள் நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. 2015, 2017, 2018 என்று தண்ணீரே தீப்பிடித்தது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தென்பெண்ணை, பிறகு ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அணையின் மதகில் வெள்ளை நுரை மிதக்கும் படத்தைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் ஈஜிபுராவில் நான் துணி துவைத்த சோப்பும் இருந்திருக்கும். பருவநிலைக் கண்ணோட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: சாக்கடை தேங்கி அழுகும் ஏரி மீத்தேனை வெளியேற்றும். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு அது. நல்ல சதுப்பு உதவி செய்யும், கெட்ட சதுப்பு கெடுதல் செய்யும். ஏரி என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றாது.

சாக்கடை நின்றுவிட்ட ஏரிகளிலும் வேறொரு கோளாறு பரவியிருக்கிறது. உள்ளே இறங்கிப் பொக்லைனால் சுற்றிலும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைக் கல் பதித்துச் செங்குத்தாக்கி, மேலே நடைபாதை போட்டு வேலி கட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சூப் கிண்ணம். ஆழமில்லாத ஓரம்தான் கோரைக்கும் தவளைக்கும் நண்டுக்கும் நாரைக்கும் இடம், அது போய்விட்டது. புல் அறுக்க வந்தவரும் மாடு குளிப்பாட்ட வந்தவரும் வேலிக்கு வெளியே. காலையில் நடக்கிறவர்களுக்கு வருடம் முழுக்கத் தளும்பத் தளும்பத் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதால் ஏரியை எப்போதும் நிரப்பியே வைப்பார்கள். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். காலியிடமே இல்லாத ஏரியில் செப்டம்பர் மழை எங்கே போய் உட்காரும்? வந்த வேகத்தில் கோடி தாண்டிக் கீழே குடியிருக்கிறவர் வீட்டுக்குள்தான் போகும். சுத்திகரித்த நீரால் ஏரிகளை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவது 2024 பஞ்சத்துக்குப் பிறகு கொள்கையாகவே ஆகியிருக்கிறது, நல்ல கொள்கை. ஆனால் வறட்சிக்கு நிரப்ப வேண்டும், வெள்ளத்துக்குக் காலி செய்ய வேண்டும். இரண்டையும் செய்ய மதகும் வேண்டும், வானத்தைப் பார்த்து மதகைத் திறக்கிற ஆளும் வேண்டும். 2022 வெள்ளத்துக்குப் பிறகு ஏரிகளுக்கு மறுபடி மதகுக் கதவு பொருத்தும் பேச்சு எழுந்ததே இதனால்தான். நாமே தூர்த்த தூம்புகளைத் தேடி அலைகிறோம்.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பெங்களூர்ச் சாலை மரங்களை அளந்து 2013இல் வெளியான ஆய்வு, மரமுள்ள தெருவில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையும், சாலைத் தரையின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைவாக இருந்ததாகக் கண்டது. எந்த ஏ.சி.யும் தெருவுக்குச் செய்யாத உபகாரம். ஜெயநகரில் தூங்குமூஞ்சி மர நிழலில் நடந்துவிட்டு எங்கள் பக்கம் வந்தால் தோல் அதைச் சொல்லிவிடும். ஆறடிச் சந்தில் மரம் எங்கே நிற்கும்? இருந்தும் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு முருங்கை, பெயின்ட் வாளியில் துளசி என்று வைத்திருக்கிறார்கள். மரக்கன்று நடும் விழாக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மரம் உள்ள பேட்டைகளிலேயே நடப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உமிழ்வுக் கணக்குக்குத் திரும்பினால், பெங்களூர் ஏரிகள் உள்ளிழுக்கும் கரியைவிட மிச்சப்படுத்தக்கூடிய கரண்டு பெரிய விஷயம். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு, பம்பு மேல் பம்பு வைத்து ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத்தில் நாளுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. நம் வாளியில் விழும் ஒவ்வொரு குடம் காவிரியிலும் மின்சாரம் கலந்திருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பை 2009இலேயே சட்டமாக்கிய ஊர் இது. சர்ஜாபூர் பக்கத்து மண்ணு வட்டர்கள், தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் ஒட்டர்கள், இப்போது வீடுகளிலும் பூங்காக்களிலும் உறைகிணறு இறக்கிக் கொடுக்கிறார்கள். கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய கிணறுகளையும் தோண்டி மீட்டார்கள். மேல்மண்ணில் ஊறும் நீரைப் பத்து இருபது அடியில் எடுப்பதற்கும் ஆயிரம் அடி போரில் உறிஞ்சுவதற்கும் மின்கட்டணத்திலேயே வித்தியாசம் தெரியும்.

2023 நவம்பரில் அப்போதைய மாநகராட்சி வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டம், 2050க்குள் கரிச் சமநிலை என்று இலக்கு வைத்தது. அந்த மாநகராட்சியே 2025இல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. தண்ணீர் பள்ளத்தாக்கின் வழியாகப் போகிறது, நிர்வாகம் வார்டு எல்லையின் வழியாகப் போகிறது. ஏரி ஓர் அலுவலகத்தின் கையில், கால்வாய் இன்னொன்றின் கையில், சாக்கடைக் குழாய் மூன்றாவதன் கையில். மெஜஸ்டிக் பக்கத்திலிருந்து பெல்லந்தூர் வரை கோரமங்களாப் பள்ளத்தாக்கின் ராஜகாலுவேயை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயை, முழு நீளத்துக்கு ஒரே வேலையாக எடுத்து, முதலில் சாக்கடையைப் பிரித்து, பிறகு கரையைச் சீர்செய்யப் பார்த்த கே-100 திட்டம் அந்த வகையில் சரியான திசை. தண்ணீரின் வழியை ஒரே வழியாகப் பார்க்கும் முயற்சி அது.

எங்கள் தெருக்கோடியில் அந்தப் பள்ளத்தாக்கின் கிளைக் கால்வாய் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு சித்திரையிலும் ஆட்கள் இறங்கித் தூர் வாருவார்கள். எடுத்த சேற்றைக் கால்வாயின் விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அள்ளிப்போக லாரி நாளைக்கு வரும் என்பார்கள். போன வருடமும் மேட்டின் மேல் பசங்கள் ஏறி விளையாடினார்கள். முதல் கோடை மழை வந்த ராத்திரி, குவியல் மொத்தமும் கரைந்து எடுத்த இடத்துக்கே இறங்கியது. காலையில் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அரிசி டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினார்.